சாரா எழுதிய ராணி

1704 ஆகஸ்ட் 13. பவேரியாவில், டான்யூப் கரையோரம் உள்ள பிளென்ஹைம் என்ற சிற்றூரைச் சுற்றி நாள் முழுக்க நடந்த சண்டையில் பதினான்காம் லூயியின் படை நொறுங்கிப்போயிருந்தது. வென்ற தளபதி ஜான் சர்ச்சில், மார்ல்பரோ கோமகன், கையில் அகப்பட்ட சத்திரத்து ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதி, கர்னல் பார்க்கிடம் கொடுத்து அனுப்பினார். பார்க் ஏறத்தாழ எட்டு நாள் பயணம் செய்து லண்டன் வந்து சேர்ந்தார். அந்தச் சீட்டு இங்கிலாந்தின் அரசிக்கு எழுதியது இல்லை. தளபதி தன் மனைவி சாராவுக்கு எழுதியது. ராணிக்கு என் வணக்கத்தைத் தெரிவித்து, படை வென்ற செய்தியைச் சொல்லிவிடு என்று அவரைக் கேட்டுக்கொள்ளும் சீட்டு. சாரா பார்த்த பிறகுதான் அது விண்ட்ஸரில் இருந்த ஆன் ராணியின் கைக்குப் போனது.

இந்த வரிசையில் அன்று யாரும் குறை காணவில்லை. ஆன் அரியணை ஏறிய 1702-ஆம் ஆண்டிலேயே அரண்மனையின் மூன்று முக்கியப் பதவிகள் சாராவிடம் வந்துவிட்டன. ராணியின் பள்ளியறைக்குத் தலைமைப் பொறுப்பு, உடை நகைகளின் பொறுப்பு, ராணியின் சொந்தப் பணப்பையின் பொறுப்பு. முதல் பதவிக்கு அடையாளமாக ஒரு தங்கச் சாவி உண்டு. ராணி தூங்கும் இடம், உடுத்தும் துணி, செலவழிக்கும் காசு மூன்றும் ஒரே பெண்ணின் பார்வையில் இருந்தன. அமைச்சர்கள் குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் போகிறவர்கள். பள்ளியறைப் பெண்ணுக்கு நேரம் கிடையாது.

அரசன் ஆளும்போது இந்த அணுக்கப் பதவிகளில் பிரபுக்கள் இருந்தார்கள். காலையில் அரசனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த அதே பிரபு பிற்பகலில் ஆலோசனை மன்றத்தில் உட்காரலாம், பிரபுக்கள் சபையில் பேசலாம், வாக்களிக்கலாம். அணுக்கம் அவருடைய அதிகாரத்தின் ஒரு பகுதி மட்டுமே. அரியணையில் பெண் அமர்ந்ததும் அந்தப் பதவிகள் பெண்களுக்கு வந்தன. பதவியோடு கூட வரவேண்டிய அவைகளின் இருக்கை வரவில்லை. சாராவின் அரசியல் வாழ்வை நினைக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்துக்கே திரும்பிவருகிறேன். அவர் கூர்ந்த அறிவுடையவர், கட்சி நிலைப்பாடு உள்ளவர், கணக்கில் கெட்டிக்காரர், நாட்டுக்கு எது நல்லது என்பதில் திட்டமான கருத்து வைத்திருந்தவர். அத்தனையையும் செலுத்துவதற்கு அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாய்க்கால். இன்னொரு பெண்ணின் மனம்.

அந்த மனம் அவரிடம் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. 1660-இல் பிறந்த சாராவும் 1665-இல் பிறந்த ஆனும் சிறுவயதிலேயே அரண்மனையில் பழகியவர்கள். 1683-இல் டென்மார்க் இளவரசர் ஜார்ஜை மணந்த கையோடு ஆன் தன் பள்ளியறைப் பணிக்குச் சாராவை அழைத்துக்கொண்டார். தங்களுக்குள் இளவரசி, சீமாட்டி என்ற தூரம் இருக்கக்கூடாது என்று ஆன் விரும்பியதால் இருவரும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ஆன் திருமதி மோர்லி, சாரா திருமதி ஃப்ரீமன். சாதாரண இல்லத்தரசிகளின் பெயர்கள். ஃப்ரீமன் என்ற பெயரைச் சாரா தானே தேர்ந்துகொண்டார். தன் ஒளிவுமறைவற்ற இயல்புக்கு அது பொருந்தும் என்பது அவர் சொன்ன காரணம்.

பெயரளவில் நின்றுவிடவில்லை அந்த நட்பு. 1688-இல் ஆனின் தந்தை இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக ஆரஞ்சு வில்லியம் படையோடு இறங்கியபோது, நவம்பர் மாதத்து இரவொன்றில், பின்படிக்கட்டு வழியாக இளவரசியை வெளியே கூட்டிப்போனவர்களில் சாராவும் ஒருவர். மகள் தந்தையைக் கைவிட்ட இரவு அது. நான்கு ஆண்டுகள் கழித்து முறை மாறியது. வில்லியம் அரசர் மார்ல்பரோவைப் பதவிகளிலிருந்து நீக்கினார். பிறகு அவர் லண்டன் கோபுரச் சிறைக்கும் போக நேர்ந்தது. சாராவை வீட்டைவிட்டு அனுப்பு என்று வில்லியமின் மனைவியும் ஆனின் சொந்த அக்காவுமான மேரி அரசி ஆணையிட்டார். ஆன் மறுத்தார். சாராவை அனுப்புவதைவிடத் தானே அரண்மனையை விட்டு வெளியேறுவது மேல் என்று வெளியேறினார். அக்காவும் தங்கையும் மனம் ஆறாமலே 1694 டிசம்பரில் மேரி அம்மையில் இறந்துபோனார்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் ஆன் ராணியைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அவரை மந்தமானவர், பிறர் சொல்லுக்கு ஆடுகிறவர் என்று காட்டின. ஆள்கிற அக்காவையும் அத்தானையும் எதிர்த்து, கிடைக்கவேண்டிய மரியாதைகளை இழந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே முடிவில் நின்ற பெண்ணை அப்படி அழைப்பது எப்படி? அன்று அந்தப் பிடிவாதத்தின் பயன் சாராவுக்குப் போனது. அதனால் சாரா அதை விசுவாசம் என்று கண்டார். அதே பிடிவாதம் பின்னாளில் தனக்கு எதிரே நின்றபோது அவருக்கு அது அடையாளம் தெரியவில்லை.

ஆனின் உடல் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். பதினேழு கருக்கள். பல கலைந்தன, பல குழந்தைகள் இறந்தே பிறந்தன, பிறந்தவற்றில் ஒரே ஒருவன் வளர்ந்தான். அந்த மகன் வில்லியமும் 1700-இல், பதினொன்றாவது பிறந்தநாள் முடிந்த சில நாட்களில் இறந்தான். முடிசூட்டு விழாவுக்கே ராணியை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். சாராவுக்கும் அடி விழுந்தது. 1703-இல் உயிரோடிருந்த ஒரே மகன் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது அம்மையில் இறந்தான். இந்தத் துக்கம் இருவரையும் இன்னும் நெருக்கியிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். சாரா அதன்பின் அரண்மனைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். நேரில் பேசிவந்ததைக் கடிதத்தில் எழுதத் தொடங்கினார். எழுதியதில் அரசியல் கூடிக்கொண்டே போனது.

ஆன் ஆங்கிலத் திருச்சபையின் மேல் ஆழ்ந்த பற்றுடையவர். திருச்சபையைக் காக்கிறோம் என்ற டோரிக் கட்சியினர் பக்கம் அவர் மனம் சாய்ந்தது. சாரா எதிர்க்கட்சியான விக் தரப்பில் உறுதியாக நின்றவர். டோரிகளில் பலர் நாடுகடந்து வாழும் ஜேம்ஸின் மகனை அரியணைக்குக் கொண்டுவரத் தவிக்கிறவர்கள் என்று அவர் நம்பினார். மார்ல்பரோவின் போருக்குப் பணம் வேண்டும், நாடாளுமன்றத்தில் அதை உறுதியாக ஆதரித்தவர்கள் விக்குகள். ஆகவே சாராவின் கருத்தும் குடும்பத்தின் நலமும் ஒரே பக்கம் நின்றன. நிதிப் பொறுப்பில் இருந்த கொடால்பின் இந்தக் குடும்பத்தின் உற்ற நண்பர், சாராவின் மகளை அவர் மகன் மணந்திருந்தார். மார்ல்பரோ போர்க்களத்தில், கொடால்பின் கருவூலத்தில், சாரா பள்ளியறையில். சில ஆண்டுகள் இங்கிலாந்தை நகர்த்தியது இந்த மூவர் கூட்டு.

ஆனால் ராணியின் அடிப்படைக் கொள்கை வேறு. எந்தக் கட்சியின் கையிலும் தான் கைதியாகிவிடக் கூடாது, இரு தரப்பிலும் மிதமானவர்களை வைத்தே ஆளவேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். சாராவின் மருமகன் சண்டர்லாண்டை அமைச்சராக்கு என்று விக்குகள் நெருக்கியபோது மாதக்கணக்கில் இழுத்தடித்து, 1706 டிசம்பரில்தான் இணங்கினார். அடுத்த ஆண்டு எக்ஸிட்டர், செஸ்டர் மறைமாவட்டங்களுக்கு அமைச்சர்களைக் கேட்காமல் தன் விருப்பப்படி டோரிச் சார்புள்ள ஆயர்களை நியமித்தார். சாரா கடிதம் மேல் கடிதம் எழுதினார். வாதம், சான்று, கடிந்துரை. நண்பர் என்றால் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்பது அவருடைய அறம். அந்த அறத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் உடன்படாமல் இருக்கலாம் என்ற இடத்தை அவர் விட்டுவைக்கவில்லை. நான் சொல்வது சரி, ராணி கேட்கவில்லை, அப்படியென்றால் வேறு யாரோ காதில் ஓதுகிறார்கள். சாராவின் அறிவு இந்தத் தடத்திலேயே ஓடியது.

அந்த வேறு யாரோ 1707-இல் கிடைத்தார். அபிகெய்ல் ஹில், சாராவின் அத்தை மகளான ஏழைப் பெண். தந்தை வணிகத்தில் நொடித்துப்போன பிறகு வீட்டுவேலைக்குப் போன பெண். சாராதான் கைதூக்கிவிட்டு, ராணியின் பள்ளியறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். அபிகெய்ல் அரண்மனைப் பணியாளர் சாமுவேல் மாஷமை மறைவாக மணந்துகொண்டதும், அந்தத் திருமணத்தில் ராணியே கலந்துகொண்டதும் சாராவுக்குத் தாமதமாகத் தெரியவந்தன. ராணியின் பணப்பையிலிருந்து பெருந்தொகை ஒன்று கேட்டு வாங்கப்பட்டிருந்ததைக் கணக்கில் பார்த்தபோது எல்லாம் பொருந்திப்போயிற்று. டோரிகள் பக்கம் நகர்ந்துவிட்ட அமைச்சர் ராபர்ட் ஹார்லியும் அபிகெய்லுக்கு உறவு. அன்றிலிருந்து சாராவின் கண்ணில் ராணியின் ஒவ்வொரு மறுப்பும் அபிகெய்லின் குரலாகவே ஒலித்தது.

அபிகெய்லுக்குச் செல்வாக்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1708 பிப்ரவரியில் ஹார்லி பதவி இழந்த பிறகு ராணிக்கும் அவருக்கும் இடையே செய்தி போய்வந்தது அபிகெய்ல் வழியாகத்தான். ஆனால் வழியைத் திறந்துவைத்தது ராணி. நோயோடு படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கட்டுப்போட்டு, பக்கத்தில் இருந்து, வாதாடாமல் பணிவிடை செய்த ஒருத்தியிடம் அவர் ஆறுதல் தேடியதில் வியப்பு எதுவும் இல்லை. அரசியலில் அவர் எடுத்த முடிவுகளுக்கு வேறு காரணங்கள் இருந்தன. 1709 செப்டம்பரில் மால்பிளாக்கேயில் நேச நாட்டுப் படை வென்றது, ஆனால் 20,000 பேருக்கு மேல் இறந்தும் காயப்பட்டும் விழுந்த வெற்றி அது. நிலவரி ஊர்ப் பண்ணையார்களின் முதுகை ஒடித்தது. மார்ல்பரோ தன்னை ஆயுள்காலத் தளபதியாக்கும்படி கேட்டு ராணியை அச்சுறுத்தினார். 1710-இல் விக்குகள் சசெவரெல் என்ற பாதிரியார்மேல் நாடாளுமன்றத்தில் வழக்கு நடத்த, லண்டன் தெருக்களில் கலவரம் மூண்டது. நாடு போரில் களைத்துப்போயிருந்தது, அதன் ராணியும் களைத்துப்போயிருந்தார். இதைக் காண ஒரு பணிப்பெண்ணின் கிசுகிசு தேவையில்லை.

சாரா தேர்ந்துகொண்ட விளக்கம் அவரை எங்கெல்லாம் கொண்டுபோனது என்பதைப் படிக்கையில் மனம் கனக்கிறது. 1708-இல் அவருடைய கட்சி நண்பர் ஆர்தர் மேன்வேரிங் எழுதியதாகக் கருதப்படும் ஓர் இழிவான பாட்டு ராணியையும் அபிகெய்லையும் இணைத்துப் பேசியது. அந்தப் பேச்சை ராணிக்கே கடிதமாக எழுதித் தெரிவித்தார் சாரா. அந்த ஆகஸ்டில் ஊடனார்டு வெற்றிக்கு நன்றி செலுத்த இருவரும் ஒரே வண்டியில் புனித பவுல் பேராலயத்துக்குப் போனார்கள். தான் எடுத்துவைத்த நகைகளை ராணி அணியவில்லை என்று வண்டியிலேயே பிணக்கு. ஆலயத்தில் இறங்கும்போது, பிறர் காதில் விழுந்துவிடும், பேசாமல் இருங்கள் என்று சாரா ராணியை அடக்கினார். அக்டோபரில் ஆனின் கணவர் ஜார்ஜ் இறந்தபோது சாரா உடனே வந்து நின்றார். ஆனால் படுக்கையறையில் இருந்த கணவரின் படத்தை எடுத்துவிடச் செய்தார். துக்கத்தைத் தூண்டும் என்ற எண்ணத்தில்தான். அந்தப் படத்தைத் திருப்பித் தரும்படி ராணி எழுதிக் கேட்கவேண்டியிருந்தது.

1710 ஏப்ரல், பெரிய வியாழன். கென்சிங்டன் அரண்மனையில் இருவரும் சந்தித்த கடைசி நாள். தன்மேல் என்ன பழி சொல்லியிருக்கிறார்கள் என்று அறிந்து அதை மறுக்கவே வந்திருந்தார் சாரா. சொல்லவேண்டியதை எழுத்தில் தரலாம் என்றார் ராணி. சாரா பேசினார். ராணி அதையே திரும்பச் சொன்னார். பதில் வேண்டாம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள், அதனால் நான் பதில் தரப்போவதில்லை என்பது அடுத்த வாக்கியம். சாரா அழுதார், மன்றாடினார், கடைசியில் கடுஞ்சொல்லும் சொன்னார். ராணியிடமிருந்து அந்த இரண்டு வாக்கியங்களைத் தவிர எதுவும் வரவில்லை.

இந்தக் காட்சி சாராவின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. மனப்பாடம் செய்த பாடத்தைக் கிளிபோல ஒப்பித்த ஒரு மந்தமான பெண்ணாக அதில் ராணி தெரிகிறார். பலமுறை படித்த பிறகு எனக்கு அதில் வேறு ஒருத்தி தெரிகிறார். பேச்சில் சாராவை வெல்ல முடியாது என்று முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அறிந்தவர். சாராவின் அதிகாரம் முழுவதும் ஓர் அறைக்குள் இருவர் பேசும் பேச்சில் இருக்கிறது என்பதையும் அறிந்தவர். ஆகவே அவர் பேச மறுத்தார். எழுதித் தா என்பது ஒரு குடிமகளுக்கு அரசு சொல்லும் பதில். திருமதி மோர்லி அந்த அறையில் அன்று இல்லை.

மற்றவை விரைவாக நடந்தன. ஜூனில் சண்டர்லாண்டும் ஆகஸ்டில் கொடால்பினும் நீக்கப்பட்டார்கள். 1711 ஜனவரியில் மார்ல்பரோ முழந்தாளிட்டு மனைவிக்காகக் கெஞ்சியும் ராணி தங்கச் சாவியைத் திருப்பிக் கேட்டார். முன்பு ராணி ஆண்டுக்கு 2,000 பவுண்டு தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்ற சாரா, இப்போது ஒன்பது ஆண்டுக்கும் சேர்த்து அதைக் கோரிப் பெற்றுக்கொண்டார். பேராசை என்று பலர் சொல்வார்கள். நட்பாகச் செய்தது எல்லாம் இனி வேலை மட்டுமே என்றால் அதற்குக் கூலி கேட்பதில் ஒரு நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அவர் விட்டுப்போன பதவிகள் யாருக்குப் போயின என்பது முக்கியம். பணப்பை அபிகெய்லிடம் போனது. பள்ளியறைத் தலைமையும் உடைப் பொறுப்பும் சாமர்செட் கோமகளுக்குக் கிடைத்தன. அவர் விக். புதிதாக வந்த டோரி அமைச்சர்களுக்கு அவர் முள்ளாக உறுத்தினார். கல்லிவரை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் அன்று டோரிகளின் பேனா. கோமகளை இழிவுசெய்து ஒரு பாட்டு எழுதி அச்சிட்டார். ராணி அவரை விலக்க மறுத்தார். தன் இறப்புவரை, 1714 ஆகஸ்ட் 1 வரை, அவரைத் தன் அருகிலேயே வைத்திருந்தார். இங்கிலாந்தில் ஆயர் பதவியை எதிர்பார்த்திருந்த ஸ்விஃப்டுக்கு டப்ளினில் ஒரு பேராலயத்தின் பொறுப்பே கிடைத்தது. அபிகெய்லின் கைப்பாவையாக ராணி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆன் தன் அருகில் யார் இருக்கவேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார், தொடக்கத்திலிருந்தே.

ஆனாலும் நெடுங்காலம் வரலாறு சாராவின் பக்கத்திலிருந்தே எழுதப்பட்டது. 1742-இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, நதானியேல் ஹூக் என்பவரின் உதவியோடு அவர் தன் நடத்தை பற்றிய விளக்கத்தை நூலாக வெளியிட்டார். சாராவின் பழைய கடிதங்களில் மிகப் பல மிஞ்சவில்லை, ஆனின் கடிதங்களைச் சாரா பத்திரமாக வைத்திருந்தார். ஆகவே உருகி எழுதிய ராணியின் குரல் நமக்குக் கேட்கிறது, அதற்குக் காரணமான குரல் கேட்பதில்லை. இது தராசில் பெரிய சாய்வு. பெண் ஆள்வதை ஏற்கெனவே ஐயத்தோடு பார்த்த ஆண் வரலாற்றாசிரியர்களுக்கு, பின்படிக்கட்டில் நடந்த பெண்களின் பூசலால் ஒரு போரும் ஓர் ஆட்சியும் திசைமாறின என்ற கதை கைக்கு அடக்கமாகக் கிடைத்தது. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றானது ஆனின் ஆட்சியில். அமைச்சரவைக் கூட்டங்களுக்குத் தவறாமல் தலைமை தாங்கியவர், பிரபுக்கள் சபையின் விவாதங்களை நேரில் போய்க் கேட்டவர். 1980-இல் எட்வர்ட் கிரெக் எழுதிய வாழ்க்கை வரலாறு போன்ற நூல்கள் வந்த பிறகே அவர் தன் ஆட்சியைத் தானே நடத்தியவராகப் பார்க்கப்பட்டார். 2018-இல் வந்த ‘தி ஃபேவரிட்’ படத்தில் ஒலிவியா கோல்மனின் நடிப்பை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் அந்தப் படத்தின் அடித்தளம் சாரா போட்டுத் தந்ததே. இரு பெண்கள் இழுக்கும் இழுப்புக்குப் போகும் ராணி.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஆன் ராணியை மூன்றாவது ஆளின் பொம்மையாகக் காட்டிய அதே வழியில்தான் சாராவின் எதிரிகள் சாராவைக் காட்டினார்கள். ராணியை மயக்கிவைத்திருக்கும் பேராசைக்காரி என்று. அவருடைய அரசியலை ஒரு பெண்ணின் தந்திரமாகச் சுருக்கினார்கள். அதன் வலி அவருக்குத் தெரியும். தெரிந்தும் அபிகெய்லையும் ஆன் ராணியையும் அதே அச்சில் வார்த்தார். ஆன் தன் அறிவால் யோசித்துத் தன்னோடு முரண்பட்டார் என்று ஏற்பதைவிட, தன் அன்பை யாரோ களவாடிவிட்டார்கள் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. வாதத்தில் தோற்ற ஆண் அமைச்சர் ஒருவர் எதிர்க்கட்சி இருக்கையில் போய் உட்காரலாம், அடுத்த கூட்டத்தொடரில் திரும்பவும் எழலாம். சாராவுக்கு அந்த இருக்கை இல்லை. நட்பில் தோற்றால் நாட்டிலும் தோற்றார்.

1722-இல் மார்ல்பரோ இறந்தார். அதற்கு முன்பே, தென்கடல் கம்பெனியின் பங்குகள் 1720-இல் சரிவதற்குள் விற்றுவிட்டு, சாரா சுமார் ஒரு லட்சம் பவுண்டு ஈட்டியிருந்தார். விதவையான பின் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். நிலம் வாங்கினார், அரசுக்கே கடன் கொடுத்தார், தன் நிலங்களை ஒட்டிய தொகுதிகளில் யார் நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டும் என்பதில் கைவைத்தார். பிரதமர் ராபர்ட் வால்போலை அவருக்கு அறவே பிடிக்காது. 1730-களில், பிளென்ஹைம் வெற்றியின் பெயர் தாங்கிய தங்கள் மாளிகைக்காக ரிஸ்பிராக் என்ற சிற்பியிடம் ஆன் ராணிக்குப் பளிங்குச் சிலை செய்யச் சொல்லிப் பணம் கொடுத்ததும் இதே சாராதான். அந்த வயதில் மோர்லியைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை அவருடைய நூலைவிட அந்தச் செலவு கொஞ்சம் கனிவாகச் சொல்கிறது.

1744 அக்டோபரில், 84 வயதில், சாரா இறந்தார். உயிலில் 10,000 பவுண்டு வில்லியம் பிட் என்ற இளம் உறுப்பினருக்கு எழுதிவைத்திருந்தார், வால்போலை அவையில் எதிர்த்து நின்றதற்காக. ஆன் அரியணை ஏறியபோது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் பேரன் அவர். பின்னாளில் பிரிட்டனின் போர்களை நடத்தப்போகிறவர். அவைக்குள் ஒருநாளும் பேச முடியாத சாரா, தான் பேச நினைத்ததைப் பேசுகிறவர் ஒருவரைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அவர் யாருக்கும் பணியாமல் இருப்பதற்கான பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.